அட்டாலியில் உருண்ட தேங்காய்

பூவாத்தாளுக்குப் பயம் தெரியாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். மோகனூருக்குக் கிழக்கே அவர்கள் தோட்டத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். கரும்புக்குத் தண்ணீர் கட்ட, விடியும் முன்னாலேயே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போவாள். சாரைப்பாம்பு குறுக்கே வந்தால் வாலைப் பிடித்து எங்கள் பக்கம் வீசிவிடுவாள்; அதற்காக நான் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். எருமை கன்று போட முடியாமல் கதறினால் ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இவள் முழங்கை வரைக்கும் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து நடுங்கினாள். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதைச் சொன்னாலும் அது பாதிதான். பேய் உண்டா இல்லையா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். உண்டு. நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பூவாத்தாள் வீட்டில் இருந்தது அது இல்லை.

என் மகன் சின்னுசாமி சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறான். அவன்தான் டிவி வாங்கி வந்து, ஓட்டுக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினான். முதலில் இந்திதான் வந்தது. புரியாவிட்டாலும் பார்த்தோம். அப்புறம் தமிழ் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாடகம் போட ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று, வாரம் ஒரு துண்டாக வந்த பேய்வீட்டு நாடகம். அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அது மச்சு நாடகம்.

பட்டணத்தில் ஒரு பெரிய மச்சு வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து நாலா பக்கமும் போய்விட்டு, அப்பன் செத்த சேதி கேட்டுத் திரும்பி வருகிறார்கள். மேலே ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது. பொழுது சாய்ந்தால் அதற்குள் யாரோ நடக்கிற சத்தம். வாரம் ஒரு பிள்ளைக்குச் சின்ன வயதில் அந்த வீட்டில் பட்டது ஞாபகத்துக்கு வரும். ஒருத்தன் குடிகாரன் ஆனதும், ஒருத்தி புருஷனோடு வாழாமல் வந்ததும் அந்த அறையால்தான் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். அந்தப் பேய் இருக்கிறதே, அது கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு முதுகை மட்டும்தான் காட்டும். முகத்தைக் காட்டவே மாட்டார்கள். 

எங்கள் வீட்டு முன்கூடத்தில், ஆசாரம் என்போம், கால் வைக்க இடம் இருக்காது. சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டாக இருக்க வேண்டும் என்று லைட்டை வேறு அணைத்துவிடுவார்கள். மேலே காலடிச் சத்தம் கேட்டால் எல்லாப் பெண்களும் எங்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த வீட்டுத் தாய் சத்தம் கேட்டும் கேட்காதவள் போல் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து, போய்க் கதவைத் திறடி என்று திட்டாதவர்கள் இல்லை. நாடகம் முடிந்தால் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரிசையாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். கந்தம்மாள் என்று ஒருத்தி, வாய் ஓயாமல் வெற்றிலை போடுகிறவள், டிவிக்கே மூன்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அப்படிப் பயந்தும் அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் வராமல் இருந்ததில்லை.

பூவாத்தாள் மகள் பாவாயியோடு வருவாள். பாவாயி, பூவாத்தாள் தன் மாமியார் பெயரை வைத்த பெண். கலகலவென்று பேசுவாள். அவளைப் பரமத்திப் பக்கம் சரவணமுத்து என்ற பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். சொந்தமாக லாரி ஓட்டுகிறவன். தை பிறந்தால் கல்யாணம்.

ஒரு வாரம் நாடகத்தில் பழைய காலத்தைக் காட்டினார்கள். அந்த வீட்டில் விருந்து நடக்கிறது. விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே தொம் என்று ஒரு சத்தம். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, அது எலி, நீங்கள் சாப்பிடுங்கள் என்கிறார்.

என் பக்கத்தில் இருந்த பூவாத்தாள் மெதுவாகச் சொன்னாள்: "எலி இல்ல. தேங்கா."

கந்தம்மாளுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "தேங்கா வேணுமா பூவாத்தா? நாடகம் முடியட்டும், குப்பாயியக்கா எடுத்துக் குடுக்கும்" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பூவாத்தாள் சிரிக்கவில்லை. என் முழங்கால் மேல் கையை வைத்திருந்தாள். அந்தக் கை சில்லிட்டுப் போயிருந்தது. நான் தேய்த்துவிட்டும் சூடு வரவில்லை.

மறுநாள் வாய்க்காலில் துணி துவைக்கும்போது விடாமல் கேட்டேன். நான் கேட்டால் விடமாட்டேன், அது அவளுக்கும் தெரியும். துவைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

அவளைச் சின்னராஜுக்குக் கட்டிக்கொடுக்கப் பேசியபோது, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் அது. அவள் அம்மாவும் வந்திருந்தாள். அந்த வீடு பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை அடித்து மேல்தட்டு ஒன்று உண்டு. அட்டாலி என்போம். மரப்படி ஏறிப் போனால் ஆள் குனிந்து நுழைகிற கதவு இருக்கும். தேங்காயும் விதைக்கடலையும் அதில்தான் கிடக்கும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது அட்டாலியில் தொம்தொம் என்று சத்தம் கேட்டதாம். மாமனார் அர்த்தநாரி, தேங்காய் உருள்கிறது, நீங்கள் சாப்பிடுங்கள் என்றாராம். அம்மா ஊருக்குத் திரும்பிப் போய் மகளிடம் அதைப் பெருமையாகச் சொன்னாள். சாப்பிடும்போதே உருளுகிற அளவுக்குத் தேங்காய் வைத்திருக்கிற வீடு, உனக்குக் குறை இருக்காது என்றாள்.

கல்யாணமாகி வந்த பிறகுதான் சின்னராஜுக்குச் செல்லாயி என்று ஒரு தங்கை இருந்ததே பூவாத்தாளுக்குத் தெரிந்தது. காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அப்போது பிள்ளை பெற்று என் அம்மா வீட்டில் இருந்தேன். வந்து கேட்டதும் நம்பினேன். கல்யாணம் ஆகாமல் செத்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னி சாமி. வருஷத்துக்கு ஒரு நாள் புதுச்சேலை வைத்து, விளக்கேற்றிக் கும்பிட வேண்டும். முதல் வருஷம் கும்பிட்ட அன்றைக்கு எந்த நாள் என்று பார்த்தால், தீபாவளிக்கு மறுநாள்.

"அது எங்கம்மா சாப்பிட்ட நாளு, அக்கா" என்றாள் பூவாத்தாள். "நான் எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரே ஒரு தடவ கேட்டேன். எந்திரிச்சு மாட்டுக்கிட்டப் போயிட்டாரு. சோறும் திங்கல. அதுக்கப்புறம் நான் கேக்கவே இல்ல."

சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் கை ஓடவில்லை. அவர்கள் வீட்டு ஓட்டைப் பார்த்தேன். எத்தனையோ தடவை அந்த அட்டாலிக்குக் கீழே உட்கார்ந்து கடலை உடைத்திருக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு வர மனசில்லை. பாவாயிதான் கெஞ்சி இழுத்து வந்தாள். அன்றைக்குப் பூட்டிய அறையைத் திறக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே ஒரு குண்டு பல்பு விட்டு விட்டு எரிந்தது. படம் முழுக்கப் பளிச்சென்று வெளுத்து, இருண்டு, வெளுத்து, இருண்டு. முன்வரிசையில் டிவிக்குக் கிட்டத்தில் இருந்த பாவாயி திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். முதலில் பக்கத்துப் பெண் மேல் சும்மா சாய்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் அவள் கால் தரையில் அடிக்க ஆரம்பித்தது. கண் மேலே செருகிவிட்டது. வாயோரம் நுரை.

"செல்லாயி வந்துட்டா" என்றாள் கந்தம்மாள். அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தாலாவது யாராவது மறுத்திருப்பார்கள். மெதுவாகச் சொன்னதால் எல்லோருக்கும் அது உண்மையாகப் பட்டுவிட்டது. ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து வாசலுக்கு ஓடினார்கள். சின்னுசாமி வந்து லைட்டைப் போட்டபோது ஆசாரத்தில் பாவாயியும் பூவாத்தாளும் நானும்தான் இருந்தோம். டிவியில் அந்தப் பேய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் அதை அணைக்கச் சொன்னேன்.

பூவாத்தாள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. "பேயில்லக்கா" என்றாள். "சின்னதுல ஒருக்கா வந்துச்சு. வயசுக்கு வந்தப்ப ஒருக்கா. கைகால் இழுக்கற நோவு. செல்லாயிக்கும் இதேதான் இருந்துச்சுன்னு எங்க மாமியா சாகறதுக்கு முன்னால ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிப்போட்டாங்க."

பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் அதை மூடி வைத்திருந்தாள்.

விடிவதற்குள் ஊர் முழுக்கச் செல்லாயிதான். பேய்வீட்டு நாடகம் அந்தக் கன்னியை எழுப்பிவிட்டது என்றார்கள். நாடகக்காரன் எங்கள் ஊர்க் கதையை எங்கேயோ கேட்டுத்தான் எடுத்திருக்கிறான் என்றார்கள். கரும்பு வெட்டுகிற ஆட்கள் பொழுது சாய்வதற்குள் அந்தத் தோட்டத்தை விட்டுக் கிளம்பினார்கள். வாய்க்கால் கரையில் கூந்தல் விரித்த முதுகைப் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். அது நானாகக்கூட இருக்கலாம். தலைக்குக் குளித்துவிட்டு அங்கேதான் உலர்த்துவேன். சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

இந்தப் பேச்சுக்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அர்த்தநாரி. கிழவருக்கு நடை தளர்ந்துவிட்டது, குரல் தளரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே மருமகளைக் கூப்பிட்டு, வலிப்பு என்ற சொல் இந்த வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது, கன்னி பிடித்திருக்கிறது என்றே சொல் என்றார். பேய் பிடித்த பெண்ணுக்குக் கிடா வெட்டினால் தீர்ந்தது. நோவு பிடித்த பெண்ணை யார் கட்டுவார்கள்?

பூவாத்தாள் சரி என்று தலையாட்டினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மகள் கழுத்தில் தாலி ஏற வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறு நினைப்பில்லை.

பரமத்திக்குச் சேதி போய்விட்டது. சரவணமுத்துவின் அம்மா முத்தாயம்மாள் ஆள் விட்டுச் சொன்னாள்: கன்னிக்குக் கிடா வெட்டுங்கள், நானும் வந்து நிற்கிறேன், கிடா துளுக்கினால் கல்யாணம், இல்லாவிட்டால் அவரவர் வழி. எங்கள் பக்கத்தில் கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துளுக்கியது என்போம். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சும்மா நின்றால் அந்த வீட்டில் ஏதோ குறை இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் வரைக்கும் கிடா அசையாது. பொழுது உச்சிக்கு வரும்வரை நின்ற கிடாயையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நாள் வந்தது. காலையிலேயே பாவாயிக்குத் தலைவாரிப் பூ வைத்து, பட்டுச்சேலை கட்டினாள் பூவாத்தாள். கிழவர் ஒரு யோசனை சொன்னார். கிடா வெட்டும் இடத்தில், கூட்டத்தையும் புகையையும் பார்த்து மறுபடி வந்துவிட்டால் என்ன செய்வது? விருந்து முடியும் வரைக்கும் பெண் அட்டாலியில் இருக்கட்டும், கடைசியில் கீழே இறக்கி ஒரு தடவை காட்டிவிட்டு உள்ளே அனுப்பிவிடலாம் என்றார். பூவாத்தாளே மகளைக் கைப்பிடித்து மேலே கூட்டிப்போய்ச் சாக்கு விரித்து உட்கார வைத்துவிட்டு வந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன். "கொஞ்ச நேரந்தானேக்கா" என்றாள். என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

கிணற்றுமேட்டில் கிடாயை நிறுத்தினார்கள். கறுப்புக் கிடா. செல்லாயிக்கு வைத்த புதுச்சேலை முன்னால் மடித்து இருந்தது. நான் மனசுக்குள், அசையாதே, அசையாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். அது நின்றுவிட்டால் கிழவர் வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்? சின்னராஜ் சொம்பை எடுத்து ஊற்றினான். முதல் சொம்புத் தண்ணீர் முதுகில் பட்டதுமே கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. முத்தாயம்மாள் முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெறித்தது. அவள் துடைக்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கு மட்டும் போய்விட்டது. இவ்வளவு சீக்கிரம் உத்தரவு கொடுத்த சாமியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கறி வெந்து, ஆசாரத்தில் இலை போட்டார்கள். முத்தாயம்மாளும் அவள் கூட வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். சின்னராஜ் சோறு போட, பூவாத்தாள் வாளியில் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். முத்தாயம்மாள் கறி நல்ல பதம் என்றாள். கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று பேச்சு ஓடியது.

அப்போது மேலே தொம் என்று விழுந்தது. அப்புறம் பலகை மேல் கடகடவென்று எதுவோ உருண்டு போய், நின்றது.

பந்தி முழுக்க அண்ணாந்து பார்த்தது. டிவியில் பார்த்த அதே மாதிரி. கட்டிலில் இருந்த அர்த்தநாரி துளியும் அசையவில்லை.

"ஒண்ணுமில்லீங்க. தேங்கா உருளுது. நீங்க சாப்பிடுங்க."

பூவாத்தாள் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. குழம்பு இலைகளுக்கு நடுவில் ஓடியது. அதற்குள் அவள் படியில் இருந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மேலே அந்தக் குட்டைக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. அவள் தாழ் போடவில்லை. அவள் இறங்கின பிறகு கிழவர் யாரிடமோ சொல்லிப் போடவைத்திருக்கிறார். பழைய இரும்புத் தாழ், துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இழுத்தாள், வரவில்லை. உள்ளங்கையால் அடித்தாள். பாவாயி, பாவாயி என்று கூப்பிட்டாள். உள்ளே சத்தமே இல்லை.

எனக்கு வயதாகிவிட்டது. எத்தனையோ சாவு பார்த்தவள். அந்தப் படியில் நின்ற நேரத்தைப் போல ஒன்றை நான் பட்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பட்டுச்சேலை, பூ, அந்தச் செருகின கண். அது பாவாயியா செல்லாயியா என்றுகூட எனக்குக் குழம்பிவிட்டது.  பூவாத்தாளின் கை தாழில் வழுக்கி வழுக்கிப் போயிற்று. குழம்பு எண்ணெய். சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். தாழ் வந்தது.

பாவாயி தேங்காய்க் குவியலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா தொட்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் காலுக்குக் கீழே குவியல் சரிந்து ஒரு காய் மூலைக்குப் போயிருந்தது. நிஜமாகவே தேங்காய்தான் உருண்டிருக்கிறது.

"ஏம்மா, எல்லாரும் சாப்பிட்டாச்சா? என்னைய யாருமே கூப்பிடல" என்றாள்.

பூவாத்தாள் அவள் வாயைத் துடைத்துப் பார்த்தாள். கை கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அத்தோடு கீழே வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று சிரித்து, தயிர் ஊற்றியிருக்கலாம். கிடாயே உத்தரவு கொடுத்தாகிவிட்டது. பெண் பட்டுச்சேலையில் மகாலட்சுமி மாதிரி இருந்தாள். ஆனால் பூவாத்தாள் மகள் கையை விடாமல் பந்திக்கு நடுவில் கூட்டி வந்து நிறுத்தினாள். பூவாத்தாளின் உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

"சம்பந்தியம்மா, எம்புள்ளைக்குப் பேயில்லீங்க. வலிப்பு. இவ அத்தைக்கும் அதான் இருந்துச்சு. எங்கம்மா இந்த எடத்துல உக்காந்து சாப்பிட்டப்ப, அந்தப் புள்ள மேல தாழ்ப்பாளுக்குள்ள இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அன்னிக்கும் தேங்கான்னுதான் சொன்னாங்க."

கிழவர் மகனைப் பார்த்து, உன் பெண்டாட்டி வாயை அடக்கு என்றார். சின்னராஜ் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றான். அப்பன் சொல்லை அவன் தட்டி யாரும் பார்த்ததில்லை. 

"அன்னிக்கு எனக்கும் கேட்டுச்சுங்கப்பா" என்றான். "நீங்கதான் சோறு போடுன்னீங்க. போட்டேன்."

முத்தாயம்மாள் இலையை மூடவில்லை. கை கழுவாமலே எழுந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் முகத்திலும் ரத்தம் இல்லை. அவள் பூவாத்தாளிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"சாமி உத்தரவு குடுத்துருச்சே. பேயின்னே உட்டிருக்கலாமில்ல? பேயின்னா ஓட்டிக்கலாம். இத நான் என்ன பண்ணட்டும்?"

"தெரியாமக் கூட்டீட்டுப் போனா நீங்களும் ஒரு நாளைக்குத் தாழ் போடுவீங்க" என்றாள் பூவாத்தாள்.

அவர்கள் வந்த வேன் அப்போதே கிளம்பிவிட்டது. கல்யாணம் நின்றது. பாவாயி அன்றைக்கெல்லாம் பட்டுச்சேலையை அவிழ்க்காமல் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவோடு பேசவில்லை. லாரிக்காரப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டு நான் ஓடினேன். பூவாத்தாள் அட்டாலிக் கதவைத் தாழோடும் நிலையோடும் பெயர்த்துக்கொண்டிருந்தாள். கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பாவாயியைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சின்னராஜும் போனான். தினமும் மாத்திரை, ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது. டிவிக்குக் கிட்டத்தில் உட்காரக் கூடாது, இருட்டில் பார்க்கக் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. கன்னி பிடித்த பெண் என்று நினைத்தபோது பாவம் பார்த்தவர்கள், நோவு என்றதும் ஒதுங்கினார்கள். அவள் மொண்டு கொடுத்தால் மோர் குடிக்க மாட்டார்கள். அந்த நுரை பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி என்னிடமே சொன்னாள். அவளை நான் வாசலோடு அனுப்பினேன்.  பயம் பூவாத்தாளிடம் குடிவந்துவிட்டது. கரும்புக்காட்டில் தண்ணீர் கட்டும்போதும் நிமிஷத்துக்கு ஒரு தடவை பாவாயி என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். என்னம்மா என்று பதில் வந்தால்தான் அடுத்த மடையைத் திருப்புவாள். பதில் கொஞ்சம் தாமதமானால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

மச்சு நாடகம் கடைசி வாரத்துக்கு வந்தது. அந்த வீட்டுப் பெண் யார், பேய் எப்படி அடங்குகிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். கூட்டம் நெருக்கியடித்தது. நாடகம் தொடங்குகிற நேரத்தில் பூவாத்தாளும் பாவாயியும் வாசலில் வந்து நின்றார்கள்.  உட்கார்ந்திருந்தவர்கள் வழிவிடுகிற சாக்கில் விலகினார்கள். ஆசாரத்து நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத் தரை காலியானது.

நான் எழுந்து போய் லைட்டைப் போட்டேன். வெளிச்சத்தில் பேய் நாடகம் பார்த்தால் என்ன ருசி என்று கந்தம்மாள் முனகினாள். இது என் வீடு, வெளிச்சத்தில் வராத பேய் எனக்கு வேண்டாம் என்றேன். பாவாயியைப் பின்சுவரோரம் உட்கார வைத்து, நான் ஒரு பக்கம், பூவாத்தாள் ஒரு பக்கம் உட்கார்ந்தோம்.

நாடகம் ஓடியது. ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஒருத்தி மாற்றி ஒருத்தி திரும்பிப் பாவாயியைப் பார்த்தார்கள். அவள் தலையைச் சொறிந்தால்கூட ஐந்தாறு பேர் கால்களை மடக்கிக்கொண்டார்கள். பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு டிவியையே பார்த்தாள்.

"பேய் அங்க இருக்குது" என்றாள் பூவாத்தாள். "அங்க பாருங்க."

சிலர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். டிவியில் அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்து நின்றாள். மெதுவாகத் திரும்பப் போனாள். என் தோளில் பாவாயியின் தலை விழுந்தது. மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முழுக்கப் பிடிக்க இன்னும் நாளாகும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

இரண்டு மூன்று பேர் ஓடினார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் எழுந்து நின்றார்கள், ஓடவில்லை. கந்தம்மாள் என் சமையலறையிலிருந்து அரிவாளை எடுத்து வந்து இரும்பைக் கையில் கொடு என்று நீட்டினாள். பூவாத்தாள் அதைத் தள்ளிவிட்டு மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தலைக்குக் கீழே தன் சேலைத் தலைப்பை மடித்து வைத்தாள். அப்புறம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா இருந்தாள். உலகத்தில் அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை.  கந்தம்மாள் அரிவாளோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, பாவாயியின் கால் சுவரில் இடிக்காமல் இருக்கக் குறுக்கே தன் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அடங்கியது. வெகுநேரம் கழித்துப் பாவாயி கண் விழித்தாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். டிவியில் யாரோ நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுருச்சா?" என்றாள். "அது மூஞ்சியக் காட்டுனாங்களா?"

யாருக்கும் தெரியவில்லை. யாருமே பார்க்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாக்கு இன்னும் தடித்திருந்தது, அதோடேயே திட்டினாள். இத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தராவது பார்த்திருக்கக் கூடாதா என்றாள். கந்தம்மாள் வாய்க்குள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, உன்னைப் பார்க்கவே நேரம் சரியாகப் போச்சு அம்மிணி என்றாள். பூவாத்தாள் மகளைத் தூக்கி உட்கார வைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். பாவாயி குடித்து வைத்த மீதித் தண்ணீரைக் கந்தம்மாள் வாங்கிக் குடித்தாள். வேண்டுமென்றே செய்தாளா, தாகமா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.